கண்ட படமும் கைக்கொண்ட படமும்



2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை நம் தாம்பரம் வட்டாரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. உங்களுள் பலர் அப்போது சிறு குழந்தைகள். பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடையாற்றை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. முடிச்சூரில் என் தமையனார் வீடு இருக்கிறது. அன்று நான் அங்கேதான் இருந்தேன்.

நவம்பர் மாதத்திலேயே ஒரு முறை வெள்ளம் வந்து வடிந்திருந்தது. ஆகவே, எந்தத் தெருவினர் எந்தப் பள்ளிக்கூடத்தில் அல்லது மண்டபத்தில் தங்கலாம் என்னும் பட்டியல் ஒன்றை யாரோ படமாக்கி இணையத்தில் இட்டிருந்தனர். அன்று காலையில் அதனை என் கைபேசியில் பார்த்தேன், தமையனாருக்கும் காட்டினேன். “இருக்கட்டும் தம்பி, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றார் அவர். நானும் கைபேசியைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டேன். இரவில் நீர் வாசற்படியைத் தாண்டிற்று. மின்சாரம் நின்றது, கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. என் கைபேசியில் மின்கலம் பாதிக்குமேல் இருந்தது. பட்டியலைப் பார்க்கலாமென்று திறந்தேன். காலையில் கண்ட பக்கத்தின் தலைப்பு ஒரு கணம் தோன்றிற்று. பிறகு வெள்ளைத் திரை. இணைப்பு இல்லை என்னும் அறிவிப்பு. நினைவில் நின்ற ஒரு பெயரை நம்பி, முழங்கால் அளவு நீரில், 65 வயதான தமையனாரையும் அண்ணியாரையும் அழைத்துக்கொண்டு ஒரு கட்டடத்தை அடைந்தேன். அது பூட்டிக் கிடந்தது. பட்டியலில் இருந்தது வேறொரு கட்டடம். மீண்டும் அவ்வளவு தொலைவும் நடந்து வந்து, பக்கத்து வீட்டு மாடியில் இரவைக் கழித்தோம். அந்த நடையில் அண்ணியாரின் காலில் பட்ட வெட்டு ஆறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

காலையில் என் கண்முன் தெளிவாக இருந்த படம் இரவில் எங்கே போயிற்று? கைபேசி என்னிடமே இருந்தது. நான் எதனையும் அழிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆசிரியத் தொழில் பார்த்த எனக்கு அன்று இதற்கு விடை தெரியவில்லை. பிற்பாடு கற்றுக்கொண்டேன். கற்றதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அறிந்ததிலிருந்து அறியாததற்கு மாணவனை அழைத்துச் செல்லவேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். ஆகவே நூல் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் ஒரு நூலைக் கேட்கிறீர்கள். நூலகர் அதனைக் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைக்கிறார். படிக்கும் வரையில் அது உங்கள் கண்முன் இருக்கிறது. நீங்கள் எழுந்து வெளியே சென்றால், மேசையில் வேறொருவருக்கு இடம் வேண்டும் என்று அவர் அதனை எடுத்து உள்ளே அடுக்கிவிடுவார். திரும்பி வந்தால் மறுபடியும் கேட்கவேண்டும். அதற்குள் நூல் நிலையம் பூட்டப்பட்டிருந்தால் நூல் இல்லை. ஆனால், படித்தபோதே வேண்டிய பகுதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவனுக்கு அந்தக் கவலை கிடையாது.

கைபேசியில் இணையப் பக்கங்களைக் காட்டும் செயலியை உலாவி என்கிறோம். குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை நீங்கள் அறிந்தவை. இந்த உலாவிதான் மேற்சொன்ன மேசை. நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால், எங்கோ உள்ள வழங்கிக் கணினியிலிருந்து அது முதலில் எழுத்தால் ஆன ஒரு கோப்பைப் பெறுகிறது. அந்தக் கோப்பில் படம் இராது. படம் இருக்குமிடத்தின் முகவரி மட்டும் எழுதப்பட்டிருக்கும். உலாவி அம்முகவரிக்கு இரண்டாம் முறை ஆள் அனுப்பிப் படத்தைத் தனியே வரவழைத்து, எழுத்துகளின் நடுவே பொருத்திக் காட்டுகிறது. பக்கத்தில் 20 படங்கள் இருந்தால் 20 முறை கேட்கிறது. எழுத்து முன்னே தோன்றப் படங்கள் பின்னே ஒவ்வொன்றாக வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள், காரணம் இதுவே.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்ததன்று. செனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வையவிரிவு வலை முதலில் பெரும்பாலும் எழுத்துமயமாகவே இருந்தது. எழுத்தின் நடுவே படத்தை வைப்பதற்குரிய குறியை 1993 இல் மார்க் ஆண்டிரீசன் முன்மொழிந்தார். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் தோழர்களும் உருவாக்கிய மொசைக் என்னும் உலாவி, பத்திரிகைப் பக்கம்போலப் படமும் எழுத்தும் கலந்த பக்கத்தை மக்களுக்குக் காட்டிற்று. வலை இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு நுட்பத்தை இங்கே கவனியுங்கள். திரையில் ஒரு படத்தைக் காண்கிறீர்கள் என்றால், அதன் படி ஒன்று உங்கள் கைபேசிக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது என்றே பொருள். வராத ஒன்றைத் திரை காட்ட இயலாது. அப்படியானால் அது ஏன் மறைகிறது? வந்த படியை உலாவி தன் சொந்தத் தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே பக்கம் கேட்கப்பட்டால் விரைவாகக் காட்டலாம் என்பதே அதன் நோக்கம். எதனை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதனை உலாவியும், பக்கத்தை அனுப்பிய கணினியும் தீர்மானிக்கின்றன. நம்மை யாரும் கேட்பதில்லை. கைபேசியின் நினைவகம் சிறிது. வேறு செயலிகளைத் திறக்கும்போது, பின்னால் இருக்கும் பக்கங்களை அது கைவிட்டு விடுகிறது. நாம் திரும்பி வரும்போது பக்கத்தைப் புதிதாகக் கேட்டு வாங்க முயல்கிறது. இணைப்பு இருந்தால் நமக்கு வேறுபாடே தெரிவதில்லை. முடிச்சூரில் அன்றிரவு இணைப்பு இல்லை. நூல் நிலையம் பூட்டியிருந்தது. நூலகர் என் மேசையைத் துடைத்து வைத்துவிட்டார்.

ஆதலால், படத்தைச் சேமிப்பது என்றால் உலாவியின் கிடங்கில் உள்ளதை நம்பாமல், அதன் படி ஒன்றை நம் பெயரில், நாம் அறிந்த இடத்தில், ஒரு கோப்பாக வைத்துக்கொள்வது. செய்முறை மிக எளிது. படத்தின்மேல் விரலை வைத்து, எடுக்காமல் ஒரு நொடி அழுத்திக்கொண்டிருங்கள். ஒரு சிறு பட்டியல் விரியும். ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோம் உலாவியானால், படத்தைப் பதிவிறக்கு என்னும் பொருளுடைய வரி அதில் இருக்கும், அதனைத் தொடவேண்டும். ஐபோனில் சஃபாரி உலாவியானால், படத்தொகுப்பில் சேமி என்னும் பொருளுடைய வரியைத் தொடவேண்டும். தட்டினால் பக்கம் மாறிவிடும். அழுத்திப் பிடித்தால்தான் பட்டியல் வரும். வயதானவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் பாட்டனாருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அவர் விரலைப் பிடித்துச் செய்து காட்டாமல், அவரையே இரண்டு மூன்று முறை செய்யவிடுங்கள்.

“சேமித்தேன் ஐயா, ஆனால் காணவில்லை” என்று சொல்லும் மாணவர்கள் பலர். ஆண்ட்ராய்டில் உலாவி வழியாக இறங்கும் எல்லாமே ‘டவுன்லோட்’ என்னும் கோப்புறைக்குப் போகின்றன. புகைப்படக் கருவியால் எடுத்த படங்கள் வேறு கோப்புறையில் உள்ளன. படத்தொகுப்புச் செயலியின் முகப்பில் சேமித்த படம் தோன்றாமற்போனால், கோப்புச் செயலியைத் திறந்து டவுன்லோட் கோப்புறையில் தேடுங்கள். ஐபோனில் அது பொதுவாகப் புகைப்படத் தொகுப்பிலேயே சேர்ந்துவிடும். கோப்புக்கு உலாவி இடும் பெயரோ எண்ணும் எழுத்துமாக வாயில் நுழையாததாக இருக்கும். நான் உடனே பெயரை மாற்றிவிடுவேன். படம் எதனைக் காட்டுகிறது, எங்கிருந்து எடுத்தது, எந்த நாளில் எடுத்தது என்னும் மூன்றும் பெயரிலேயே இருந்தால், ஓராண்டு கழித்துத் தேடும்போது நமக்கு நாமே நன்றி சொல்லிக்கொள்வோம்.

இனி, சேமித்தும் பயன்படாத படத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் மாணவர்களுக்கு நேரும் ஏமாற்றம் பெரும்பாலும் இதுதான். குரோம்பேட்டையிலிருந்து ஒரு மாணவி என்னிடம் வந்தாள். பள்ளிக் கண்காட்சிக்காகப் பல்லாவரத்துக் கற்கருவியைப் பற்றி ஒரு விளக்கப் படம் செய்துகொண்டிருந்தாள். நல்ல பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள், இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் செம்பூரான் சரளைக் குழியொன்றில் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் இத்துணைப் பழைய மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அடையாளம் கண்ட முதல் நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. அதே ஆண்டில் அவர் தம் நண்பர் வில்லியம் கிங்குடன் சென்று கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழைமை உடையவை என்று, சாந்தி பப்பு முதலான அறிஞர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நாள்தோறும் மின்சார இரயிலில் பல்லாவரத்தைக் கடந்து போகும் நம்மில் எத்தனை பேர் இதனை நினைக்கிறோம்!

அந்தப் பெண் ஒரு கற்கருவியின் படத்தைத் தேடுபொறியில் கண்டு, அங்கேயே அழுத்திப் பிடித்துச் சேமித்தாள். கைபேசித் திரையில் அது அழகாகவே இருந்தது. கடையில் கொடுத்து 15 அங்குல அகலத்தில் அச்சிட்டாள். அச்சில் வந்ததோ கட்டம் கட்டமான சாம்பல்நிறத் திட்டு. அது கல்லா, காய்ந்த சப்பாத்தியா என்று அவள் தம்பி கேட்டானாம். கண்காட்சிக்கு இரண்டே நாள் இருந்தது. கண் கலங்கி வந்து நின்றாள்.

கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். அகலம் 225 பிக்சல், உயரம் 225 பிக்சல் என்று இருந்தது. பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய வண்ணப் புள்ளி. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இடுகிறோம். புள்ளிகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நுண்ணிய கோலம் வரும். கைபேசித் திரையில் 225 புள்ளிகள் அரை அங்குல இடத்தில் நெருங்கி நிற்பதால் படம் தெளிவாகத் தெரிந்தது. அவற்றையே 15 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 15 புள்ளிகள்தாம். கையில் பிடித்துப் பார்க்கும் நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சகத்தார் கணக்கு. சுவரில் மாட்டி எட்ட நின்று பார்ப்பதற்கு அதில் பாதி போதும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 15 அங்குல அகலத்துக்கு 2250 புள்ளிகளேனும் வேண்டும். அவளிடம் இருந்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

குற்றம் அவளுடையதன்று. தேடுபொறி காட்டுவது பெரும்பாலும் மூலப் படமன்று, அதன் சிற்றுருவம். கடைக்காரர் வாசலில் தொங்கவிடும் மாதிரித் துணுக்கைப் போன்றது அது. படத்தைத் தொட்டு, அது இருக்கும் மூலப் பக்கத்துக்குச் செல்லவேண்டும். அங்கேயும் கைபேசிக்கென்று சுருக்கிய படத்தை வைத்திருப்பார்கள்; அழுத்திப் பிடித்து, படத்தைப் புதிய தாவலில் திற என்பதனைத் தொட்டால், படம் தனியே திறக்கும். பல தளங்களில் முழு அளவுப் படத்துக்குத் தனி இணைப்பும் இருக்கும். 2004 இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்சு என்னும் பொதுப் படக்களஞ்சியத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் அளவுகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டுள்ளன. அங்கே தேடி, 3000 பிக்சல் அகலமுள்ள ஒரு கற்கருவிப் படத்தைச் சேமித்தோம். செதுக்கிய முகங்கள் ஒவ்வொன்றும் தெரிய அச்சு வந்தது.

திரையையே படம் பிடிக்கும் வழியைப் பலர் கையாளுகின்றனர்; ஸ்கிரீன்ஷாட் என்று சொல்கிறோமே, அதுதான். அவசரத்துக்கு அது நல்ல தோழன். பெரும்பாலான பக்கங்களில் நடக்கும். பக்கத்தின் தலைப்பும் நேரமும்கூடச் சேர்ந்து வரும். முடிச்சூரில் அன்று காலை அதனைச் செய்திருந்தாலே போதும். பட்டியலைப் படிக்கத் தெளிவாக இருந்திருக்கும். ஆனால் திரைப்பிடிப்பு திரையில் தெரிந்த புள்ளிகளை மட்டுமே எடுக்கும்; மூலப் படத்தில் அதற்குமேல் இருந்த நுட்பம் வராது. கண்காட்சிக்கு அது உதவாது.

சில பக்கங்களில் எவ்வளவு அழுத்தினாலும் பட்டியல் வராது. படத்தைப் பக்கத்தின் பின்னணியாக வைத்திருக்கலாம். அல்லது எடுக்கக்கூடாது என்றே தடுத்திருக்கலாம். நிலப்படங்களோ சிறு சிறு ஓடுகளாக வந்து திரையில் பொருந்துகின்றன. ஒரே படமாகச் சேமிக்க அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு நிலப்படச் செயலியிலேயே இணைப்பில்லாத காலத்துக்கென்று நம் வட்டாரத்தைப் பதிவிறக்கி வைக்கும் வசதி இருக்கிறது. படத்தின் அருகே பளபளவென்று ‘டவுன்லோட்’ என்று ஒரு பொத்தான் மின்னினால், உடனே தொட்டுவிடாதீர்கள். அது விளம்பரமாக இருக்கலாம். படத்தை எடுக்கப் போனவனிடம் ஒரு செயலியை நிறுவும்படி கேட்டால், அங்கே படம் இல்லை, வலைதான் இருக்கிறது.

கோப்பு வகைகளைப் பற்றி இரண்டொரு சொல். ஜேபெக் என்னும் முறை 1992 இல் தரமாக்கப்பட்டது. கண் எளிதில் காணாத நுட்பங்களைக் கழித்துக் கோப்பைச் சிறிதாக்குவது அதன் வழி, ஒளிப்படங்களுக்கு ஏற்றது. பிஎன்ஜி என்பது எதனையும் கழிப்பதில்லை. எழுத்தும் கோடும் உள்ள படங்களுக்குப் பொருந்தும். வெப்பி என்னும் புதிய வகை கூகுள் நிறுவனம் 2010 இல் வெளியிட்டது. சில பழைய அச்சகக் கணினிகள் அதனைத் திறக்க மறுக்கும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடியே போகும். அச்சகத்துக்கு அனுப்பும்போது இதனை மறவாதீர்கள்.

இணைப்பைச் சேமிப்பதும் படத்தைச் சேமிப்பதும் ஒன்றே என்று சிலர் எண்ணுகின்றனர். மழைக் காலத்தில் வானிலைத் துறை வெளியிடும் ராடார் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒரு ராடாரும், நம் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் மற்றொன்றும் உள்ளன. மேகங்கள் எங்கே திரண்டுள்ளன என்பதனை வண்ணங்களால் காட்டும் அந்தப் படம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாறுகிறது. முகவரி மாறுவதில்லை, அம்முகவரியில் இருந்த பழைய படத்தை நீக்கிப் புதிய படத்தை வைக்கின்றனர். மாலை ஆறு மணிக்குக் கடலிலிருந்து ஒரு பெருமேகக் கூட்டம் தாம்பரத்தை நோக்கி வருவதைக் கண்டு, அதன் இணைப்பை நண்பனுக்கு அனுப்பினால், அவன் எட்டு மணிக்குத் திறக்கும்போது அங்கே வேறொரு வானம் இருக்கும். புவியியல் பாடத்துக்காக ஒரு மழை நாளின் போக்கைத் தொகுக்க விரும்புகிறவன் அரைமணிக்கு ஒரு முறை படத்தையே சேமித்து, பெயரில் நேரத்தையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரே நாளில் 20 படங்கள் சேர்ந்தால், மேகம் நடந்து வருவதை வரிசையாக வைத்துக் காணலாம். எந்தப் பாடநூலிலும் அது கிடைக்காது.

கைக்கு வந்தமையால் படம் நம்முடையதாகிவிடாது என்பதனையும் சொல்லவேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957 ஆம் ஆண்டினது. ஒளிப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுக்காலமும் உரிமை உண்டு. தன் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் நேர்மையான அளவில் ஒரு படியை வைத்துக்கொள்வதைச் சட்டம் ஏற்கிறது. அதனையே தன் பெயரில் வெளியிடுவதும் விற்பதும் வேறு. விக்கிமீடியா போன்ற களஞ்சியங்களில் படம் எடுத்தவர் இன்ன நிபந்தனையோடு எவரும் பயன்படுத்தலாம் என்று முன்னரே எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் அவர் கேட்பது தம் பெயரைக் குறிப்பிடவேண்டும் என்பது மட்டுமே. குரோம்பேட்டை மாணவி தன் படத்தின் கீழே எடுத்தவர் பெயரையும் உரிம வகையையும் சிறிய எழுத்தில் எழுதினாள். பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. நடுவராக வந்தவர் அந்தச் சிறிய எழுத்தை நின்று படித்தார் என்று என்னிடம் சொன்னாள்.

நீங்கள் சேமித்ததாக எண்ணும் படம் உண்மையில் கைபேசியில் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. விமானப் பயணத்துக்கென்று கைபேசியில் ஒரு நிலை இருக்கிறதல்லவா, அதனை இயக்குங்கள். வைஃபையும் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவாகத் திறந்தால் அது உங்களிடம் இருக்கிறது. மங்கலாகவே நின்று, ஏற்றப்படுகிறது என்று ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தால், சிற்றுருவம் மட்டுமே கைபேசியில் உள்ளது; முழுப் படம் தொலைவில் எங்கோ ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுச் சில கைபேசிகள் இவ்வாறு செய்கின்றன.

என் தமையனார் இப்போதும் முடிச்சூரிலேயே இருக்கிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி முதல் வாரத்தில் என்னை அழைப்பார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஆண்டு வெளியிடப்பட்ட முகாம்களின் பட்டியல், குடும்ப அட்டையின் படம், அண்ணியாரின் மருந்துச் சீட்டின் படம் ஆகிய மூன்றையும் இருவர் கைபேசியிலும் சேமித்து, விமான நிலையில் இட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். சென்ற முறை மருந்துச் சீட்டு திறக்கவில்லை. அண்ணியார் உள்ளேயிருந்து மூலச் சீட்டையே கொண்டுவந்து கொடுத்தார். மறுபடியும் படம் பிடித்தோம்.